பெட்டிக்குள் மாமல்லபுரம்: 230 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர்களை ‘கிளிக்’ செய்த டேனியல்கள் யார்?

ஞாயிற்றுக்கிழமை காலை மாமல்லபுரம் ஐந்து ரதத்துக்குப் போய் ஓரமாக நின்று கவனித்தால் ஒன்று தெரியும். கல்லைப் பார்க்கிறவர்களைவிட, போன் திரையில் கல்லைப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். யானைச் சிற்பத்தோடு ஒரு செல்ஃபி, சிங்கத்தோடு ஒன்று, குடும்பமாக ஒன்று. பத்து நொடி வேலை. வீடு திரும்புவதற்குள் ஸ்டேட்டஸில் ஏறிவிடும்.

1793 ஜனவரியில் இதே ஊருக்கு இரண்டு இங்கிலாந்துக்காரர்கள் வந்தார்கள். ஒருவருக்கு வயது 43. இன்னொருவருக்கு 23. அவர்களும் ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள்தான். ஆனால் அந்தக் கேமராவில் படம் தெரியும், பதியாது. தெரிகிற படத்தைப் பென்சிலால் பிடித்து, லண்டனுக்குக் கொண்டுபோய், செம்புத் தகட்டில் ஏற்றி, அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டி வெளியிட்டபோது 1799 ஆகிவிட்டது. ஒரு படம் ‘அப்லோடு’ ஆக ஆறு வருடம்!

அவர்கள்தான் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரரின் மகன் வில்லியம் டேனியலும். பெயர் தெரியாவிட்டாலும் இவர்களுடைய படங்களை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ‘அந்தக் கால மெட்ராஸ்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்கள், பழைய ஹோட்டல் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் கோட்டை, கோபுரம், அருவி... இவற்றில் பல இவர்கள் கைவண்ணம்தான். புகைப்படம் பிறப்பதற்கு முந்தைய தமிழ்நாடு எப்படி இருந்தது என்ற கேள்விக்கு, இன்றைக்கும் முதலில் எடுத்துக் காட்டப்படுவது இந்த இரண்டு பேரின் தாள்களைத்தான். அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது வேறு கேள்வி. அதற்கும் வருவோம்.

வண்டிக்குப் பெயின்ட் அடித்தவர்

தாமஸ் 1749-ல் பிறந்தவர். லண்டனுக்குப் பக்கத்தில் செர்ட்சி என்ற ஊரில் தங்கும் விடுதி நடத்திய குடும்பம். சிறு வயதில் கற்றுக்கொண்ட தொழில், பணக்காரர்களின் கோச் வண்டிகளில் குலச்சின்னம் தீட்டுவது. அந்த வேலையில் கை ஒரு நூல் தவறினாலும் வண்டி சொந்தக்காரர் விடமாட்டார். பிற்காலத்தில் ஒரு கோபுரத்தின் நூற்றுக்கணக்கான சுதைப் பொம்மைகளைச் சலிக்காமல் வரைகிற பொறுமை அவருக்கு இங்கேதான் வந்திருக்க வேண்டும். பிறகு ராயல் அகாடமி ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். படித்தார், கண்காட்சிகளில் படம் வைத்தார். ஆனால் லண்டனில் இயற்கைக் காட்சி வரைகிறவர்களுக்குப் பஞ்சமா? பெரிதாக எதுவும் ஓடவில்லை.

இதற்கிடையில் அவருடைய சகோதரர் இறந்துபோக, மகன் வில்லியத்தை வளர்க்கும் பொறுப்பு தாமஸிடம் வந்தது. தாமஸ் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்தப் பையன்தான் குடும்பம், இவன்தான் சீடன், பிறகு தொழில் கூட்டாளியும் இவனே.

அப்போது இந்தியாவுக்கு நினைத்தபடி கப்பல் ஏற முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி வேண்டும், இன்றைய விசா மாதிரி. தாமஸ் ‘செதுக்கு ஓவியர்’ என்றும் வில்லியம் அவருடைய உதவியாளர் என்றும் அனுமதி வாங்கினார்கள். 1785 ஏப்ரலில் புறப்பட்டு, சீனாவைச் சுற்றிக்கொண்டு, 1786 தொடக்கத்தில் கல்கத்தா வந்து இறங்கினார்கள். வில்லியமுக்கு அப்போது மீசை அரும்பும் வயது.

முதல் ஊர் கல்கத்தா

கல்கத்தா அன்று வேகமாக வளர்ந்துகொண்டிருந்த நகரம். காசு இருந்தது. ஊரில் இருக்கும் உறவினர்களுக்கு ‘நான் இருக்கும் இடத்தைப் பார்’ என்று காட்டும் ஆசையும் இருந்தது. தாமஸ் அந்த ஆசையைக் கச்சிதமாகப் பிடித்தார். 1786 முதல் 1788 வரை, கல்கத்தாவின் தெருக்களையும் கட்டடங்களையும் 12 அச்சுப் படங்களாக வெளியிட்டார். ரைட்டர்ஸ் பில்டிங், பழைய கோர்ட் கட்டடம், சித்பூர் சாலை... தூண்கள், ஜன்னல்கள், தெருவில் போகும் பல்லக்கு எல்லாம் இருக்கும். அந்தப் பழைய கோர்ட் கட்டடம் 1792-லேயே இடிக்கப்பட்டுவிட்டது. கட்டடம் போனது, தாள் மிஞ்சியது. டேனியல்களின் வாழ்க்கை முழுக்க இந்தக் கதை திரும்பத் திரும்ப வரும்.

அச்சடித்த அனுபவம் மட்டும் சுகமாக இல்லை. செம்புத் தகடு தயாரிப்பதிலிருந்து அச்சு இயந்திரம் சுற்றுவது வரை எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்ய வேண்டியிருந்தது என்று லண்டன் நண்பருக்குக் கடிதத்தில் புலம்பியிருக்கிறார் தாமஸ். ‘இது வங்காளத்தில் செய்த சரக்கு என்று நினைத்துப் பார்த்துக்கொள்’ என்ற தொனியில் ஒரு மன்னிப்பும் அதில் உண்டு.

அடுத்து மூன்று ஆண்டுகள் வட இந்தியப் பயணம். கங்கையில் படகு, ஆக்ரா, டெல்லி, இமயமலை அடிவாரம். அவர்களுக்கு முன்பே வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஓவியர் அந்தப் பக்கம் போய்ப் படங்கள் வெளியிட்டிருந்தார். டேனியல்கள் அவருடைய படங்களைக் கையோடு எடுத்துப்போய், அதே இடத்தில் நின்று சரிபார்த்தார்கள். ‘இது தப்பு, அது தப்பு’ என்று இளைஞர் வில்லியம் டைரியில் குறை சொல்லிக்கொண்டே போகிறார். ஃபேக்ட் செக் இன்று நேற்று வந்த பழக்கமில்லை.

பாவம் ஹாட்ஜஸ். அவர் 1780-ல் மெட்ராஸ் வந்து இறங்கிய நேரம், ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தது. ஊரைவிட்டு அதிகம் நகர முடியவில்லை. அதனால் தமிழகத்தின் பெரும்பகுதி, வெளிநாட்டு ஓவியர்களுக்கு இன்னும் வரையாத தாளாகவே இருந்தது.

அந்தப் பெட்டி எப்படி வேலை செய்தது?

கேமரா அப்ஸ்க்யூரா என்பது ஒரு மரப்பெட்டி. ஒரு பக்கம் லென்ஸ், உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி. எதிரே இருக்கும் கோயிலின் உருவம் லென்ஸ் வழியே வந்து, கண்ணாடியில் பட்டு, உள்ளே விரித்த தாளின் மேல் விழும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து அந்த உருவத்தின் மேலேயே பென்சிலை ஓட்ட வேண்டும். கோபுரத்தின் உயரம், மண்டபத் தூண்களின் இடைவெளி எல்லாம் கிட்டத்தட்ட சரியாக வந்துவிடும். மேகம் வந்து வெயில் மறைந்தால் படமும் மங்கிவிடும் என்பதுதான் சிக்கல்.

இது முதல் பாதிதான். லண்டனில் நடந்தது அடுத்த பாதி, அதுதான் கஷ்டம். அக்வாடின்ட் என்ற முறையில், செம்புத் தகட்டின் மேல் பிசின் பொடியைத் தூவிச் சூடாக்குவார்கள். பொடி புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். பிறகு அமிலத்தில் முக்கினால், புள்ளிகளுக்கு இடையில் மட்டும் செம்பு அரிக்கப்படும். எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே வார்னிஷ் பூசி மறைத்துவிட்டு, மீண்டும் அமிலம். இன்னும் இருட்டு வேண்டுமா? மீண்டும் அமிலம். இப்படிப் பல தடவை. கடைசியில் மை தடவி அச்சடித்தால், நீர்வண்ண ஓவியம் மாதிரியே மென்மையான நிழல் கிடைக்கும். அதன்மேல் ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம்.

இந்தத் தொழிலில் வில்லியம் சித்தப்பாவா பெரியப்பாவா என்று பார்க்காமல் குருவையே மிஞ்சிவிட்டார். 1795-லிருந்து 1808 வரை ‘ஓரியன்டல் சீனரி’ என்ற பெயரில் 144 படங்கள் வெளிவந்தன. தொகுதிக்கு 24 வீதம் ஆறு தொகுதிகள். முழு செட்டின் விலை 210 பவுண்டு. ஜமீன்தார்கள், கம்பெனி அதிகாரிகள், பிரபுக்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலை அது.

யுத்தம் முடிந்ததும் கிளம்பிய வண்டி

கல்கத்தாவில் தங்கள் எண்ணெய் வண்ண ஓவியங்களை லாட்டரி போட்டு விற்று, அந்தப் பணத்தில் தெற்கே வந்தார்கள். 1792 மார்ச் கடைசியில் மெட்ராஸ். தேதியைக் கவனிக்க வேண்டும். அதே மார்ச்சில்தான் மூன்றாம் மைசூர் யுத்தம் முடிந்து, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். தன் இரண்டு மகன்களைப் பணயமாக அனுப்பினார். இங்கிலாந்து முழுக்க அந்த யுத்தம்தான் பேச்சு.

ஏப்ரலிலேயே டேனியல்கள் பல்லக்கு, குதிரை, மாட்டு வண்டி, சுமையாட்கள் சகிதம் கிளம்பிவிட்டார்கள். முதலில் எங்கே போனார்கள்? யுத்தம் நடந்த பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம். ராயக்கோட்டை, சங்ககிரி மாதிரியான மலைக்கோட்டைகளை வரிசையாக வரைந்தார்கள். அழகான படங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் நேற்று வரை திப்புவின் கையில் இருந்து, இன்று கம்பெனி கைக்கு வந்த கோட்டைகள் அவை. பிடித்த இடத்தின் படத்தைப் பிடித்தவர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது தாமஸுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அங்கிருந்து திண்டுக்கல், மதுரை, குமரி முனை, பாபநாசம், குற்றாலம், ராமேசுவரம், தஞ்சாவூர், திருச்சி என்று ஒரு பெரிய சுற்று. இன்றைக்கு கூகுள் மேப்பில் போட்டாலே மலைப்பாக இருக்கும். மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனை, தஞ்சையில் பெரிய கோயிலும் நந்தியும், திருச்சியில் மலைக்கோட்டை, பாபநாசத்தில் அருவி எல்லாம் இந்தப் பயணத்தில் வந்தவை.

சுற்று முடிந்து மெட்ராஸ் திரும்பி, 1793 ஜனவரியில் மாமல்லபுரம். அன்று ஐரோப்பிய மாலுமிகளுக்கு இந்த ஊர் ‘ஏழு கோபுரம்’. வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் 1770-களில் இங்கே வந்து கேட்ட கதைகளை எழுத, அந்தக் கட்டுரை 1788-ல் கல்கத்தாவில் அச்சானது. கடலுக்குள் மூழ்கிய கோபுரங்களின் பொன் முலாம் பூசிய உச்சியைப் பார்த்ததாக ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கதை அதில் இருக்கிறது. இன்றைக்கும் ஆட்டோக்காரர் சொல்லும் அதே கதை!

டேனியல்கள் வெளியிட்ட தொல்சின்னங்கள் தொகுதியில் மாமல்லபுரம் இடம்பெற்றது: செதுக்கிய பாறைகளின் காட்சி, ஒரு குடைவரைக் கோயிலின் வாசல். தலைப்பில் ஊர்ப்பெயர் ‘மாவலிபுரம்’. ஊர்க்காரர்கள் உச்சரித்ததைக் காதில் வாங்கி எழுதியிருக்கிறார்கள். பல்லவர் யார், மாமல்லன் யார் என்பதெல்லாம் அப்போது படிக்கப்படாத கல்வெட்டுகளுக்குள் கிடந்தது. எதை வரைகிறோம் என்ற வரலாறு தெரியாமலே, அதை அங்குலம் அங்குலமாக வரைந்தார்கள்.

சைதாப்பேட்டையைத் தாண்டும்போது...

மெட்ராஸ் படங்களில் கோட்டை உண்டு. அலையில் தத்தளிக்கும் படகுகளுக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று எழும் ஜார்ஜ் கோட்டை. அந்த வெள்ளைக்குக் காரணம், கடல் சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. மெட்ராஸ் கொத்தனார்கள் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்கிவிடுவார்கள். படத்தில் பளபளப்பது ஆங்கிலேயரின் தூண்தான். பளபளக்க வைத்தது நம்மூர் கை.

தொகுதியில் இன்னொரு படம், பரங்கிமலை அருகே ‘ஆர்மீனியப் பாலம்’. சைதாப்பேட்டையிலிருந்து கிண்டிக்கு தினமும் ஆபீஸ் போகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். அடையாற்றின் மேல் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கும் அதே இடம். முதல் பாலத்தை 1726-ல் தன் சொந்தக் காசில் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். அவரும் பிழைக்க வந்த வெளியூர்க்காரர்தான். பல வளைவுகள் கொண்ட அந்தப் பாலம் இருந்த இடத்தில் 1960-களில் புதுப்பாலம் வந்தது. வந்தவர் ஒருவர் கட்டினார், வந்த இன்னொருவர் வரைந்தார்.

சரி, நம்பலாமா?

கட்டடத்தை நம்பலாம். இத்தாலியப் புகைப்படக்காரர் அன்டோனியோ மார்டினெல்லி, டேனியல்கள் நின்ற இடங்களைத் தேடிப்போய் அதே கோணத்தில் படம் எடுத்தார். கட்டடக்கலை அறிஞர் ஜார்ஜ் மிஷெலோடு சேர்ந்து அதைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பல இடங்களில் தூண் தூணாக ஒத்துப்போகிறது.

ஆனால் கோயிலுக்கு முன்னால் நிற்கும் மரம்? ஓரமாக உட்கார்ந்திருக்கும் நான்கு பேர்? பின்னால் திரளும் மேகம்? அங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ‘பிக்சரஸ்க்’ என்று அன்றைக்கு இங்கிலாந்தில் ஒரு ஃபேஷன். முன்னால் ஒரு மரம், நடுவில் சிதைந்த கட்டடம், தூரத்தில் மங்கலான மலை, அளவு காட்ட சில மனிதர்கள். இன்றைய ஃபில்டர் மாதிரி ஒரு ரெடிமேட் அழகு. பென்சில் கோடு மாமல்லபுரத்தில் போட்டது. வண்ணம் ஆறு வருடம் கழித்து லண்டன் அறையில் சேர்த்தது. வங்கக் கடலோர ஜனவரி வெயில் அந்த வண்ணத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் படங்களில் நம் மக்கள் எப்போதும் சும்மா நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள், நடந்து போகிறார்கள். பல்லக்கு தூக்கி, கூடாரம் அடித்து, சமைத்துப்போட்டு, வழி சொல்லி இவர்களைக் குமரி வரை கூட்டிப்போனவர்கள் யாருக்கும் படத்தின் அடியில் பெயர் இல்லை. அச்சில் இருப்பது தாமஸ், வில்லியம் என்ற இரண்டு பெயர் மட்டும்தான்.

இந்தப் படங்களை வைத்து இங்கிலாந்தில் கட்டடங்களே எழுந்தன. செசின்கோட் என்ற மாளிகைக்கு வெங்காயக் குவிமாடம் வந்ததில் தாமஸின் யோசனைக்குப் பங்கு உண்டு. தாமஸ் 1799-லும் வில்லியம் 1822-லும் ராயல் அகாடமி உறுப்பினர்கள் ஆனார்கள். பிரிட்டன் கடற்கரை முழுவதையும் சுற்றி 308 படங்கள் போட்ட வில்லியம், 1837-ல் இறந்தார். வளர்த்தவர் அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் இருந்து, 1840-ல் தொண்ணூறைத் தாண்டிக் கண்ணை மூடினார். இருவருமே 1793-க்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. வில்லியமின் தம்பி சாமுவேல் டேனியல் மட்டும் இலங்கைக்கு வந்து, காட்டையும் விலங்குகளையும் வரைந்து, 1811-ல் அங்கேயே இறந்துபோனார்.

போகாமல் தங்கியவர்கள்

டேனியல்கள் வந்தார்கள், வரைந்தார்கள், போனார்கள். வந்து இங்கேயே தங்கி வரைந்த ஒரு குடும்பமும் மெட்ராஸில் இருந்தது. அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதுதான் வருத்தம்.

ஜான் கான்ட்ஸ். 1772-ல் பிறந்தவர், ஆஸ்திரிய வம்சாவளி என்று கருதப்படுபவர். கம்பெனியில் வரைவாளர், கட்டட வடிவமைப்பாளர், நில அளவையாளர் என்று எல்லா வேலையும் பார்த்தார். மகன் ஜஸ்டினியனோடு சேர்ந்து மெட்ராஸிலேயே கல்லச்சுக் கூடம் நடத்தினார். 1827-ல் ‘இந்தியன் மைக்ரோகாஸம்’ என்ற தலைப்பில், உள்ளூர் மக்களின் தொழில்களையும் உடைகளையும் காட்டும் படத்தொகுப்பை அச்சிட்டார்கள். லண்டனுக்கு எடுத்துப்போய் ஆறு வருடம் காத்திருக்கவில்லை. இங்கே வரைந்தது இங்கேயே அச்சானது.

1825-ல் ஜான் கான்ட்ஸும் மாமல்லபுரத்தை நீர்வண்ணத்தில் வரைந்தார். அது இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. மகன் ஜஸ்டினியன் 1830-களில் மெட்ராஸ் தோட்ட வீடுகளை வீட்டுக்கு ஒரு படமாக வரைந்து கொடுத்தார். வராந்தா, மரத்தட்டி, தூண், வாசலில் நிற்கும் வண்டி. மனிதர்களுக்கு உருவப்படம் மாதிரி, வீட்டுக்கு உருவப்படம். பெயர் பெற்ற கோட்டைகளை எல்லோரும் வரைந்தார்கள். ஒருவர் குடியிருந்த சாதாரண மாடி வீட்டின் ஜன்னல் எப்படித் திறந்தது என்று தெரிய வேண்டுமானால் ஜஸ்டினியனிடம்தான் போக வேண்டும்.

டேனியல்களின் எண்ணெய் வண்ண ஓவியங்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கொல்கத்தா விக்டோரியா மெமோரியலுக்குப் போகலாம். அவற்றின் பெரிய தொகுப்பு அங்கே இருக்கிறது. அச்சுப் படங்கள் பல இணையத்திலேயே இலவசம். அடுத்த தடவை ஈசிஆரில் போகும்போது போனில் ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு, பாறைக்கு நேராகப் பிடித்துப் பார்க்கலாம். நுழைவுச் சீட்டு மட்டும் வாங்க மறக்க வேண்டாம்.

ஜான் கான்ட்ஸ் 1853-ல் இறந்தார். மூன்றே ஆண்டுகளில் மெட்ராஸ் அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. டேனியல்கள் போன அதே மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் 1858-ல் அவர் மாட்டு வண்டியில் போனார். அவரிடமும் மரப்பெட்டிதான், லென்ஸ்தான், உள்ளே தாள்தான். மெழுகு ஏற்றி ரசாயனம் தோய்த்த தாள் என்பதால் இந்தத் தடவை பென்சில் மட்டும் தேவைப்படவில்லை. ஜஸ்டினியன் கான்ட்ஸ் அப்போதும் மெட்ராஸ்வாசிதான். இறந்தது 1862-ல்.